இரண்டு வியாழக்கிழமைகள்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமானம் நடுவில் எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரம் பறக்கிறது. மகளின் பிரசவத்துக்காக நான் கிளம்பிய நாள் 2025 மார்ச் 12, புதன்கிழமை. சிங்கப்பூரில் அந்த ஆண்டு நோன்பு மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. ஆகவே அன்று எனக்குப் பதினோராவது நோன்பு.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலிருந்து என் கணவர் கஞ்சி வாங்கி வந்திருந்தார். நோன்பு திறந்து கஞ்சி குடித்து, மஃரிபும் இஷாவும் தொழுதுவிட்டு, சாங்கிக்குக் கிளம்பினோம். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் நெடுநேரம் உட்கார முடியாது. அதனால் நான் மட்டும்தான் பயணம். வண்டி ஓட்டியது தங்கை மகன். கணக்குப் போடுவதில் கெட்டிக்காரப் பிள்ளை. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் போகும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"பெரியம்மா, நாளைக்கு நோன்பு வைக்கப் போறீங்களா?"

"வைக்கணும்னுதான் நிய்யத்."

"அப்படின்னா சிங்கப்பூர் நேரத்தையே வெச்சுக்குங்க. இங்க மஃரிப் ஆகும்போது நீங்களும் திறங்க. பதிமூணு மணி நேரம் முழுசாக் கிடைக்கும். விமானத்துல சூரியனைப் பாத்துத் திறந்தா எட்டு மணி நேரம்கூட வராது. பாதி நோன்பாப் போயிடும்."

அவன் என் நன்மைக்காகத்தான் சொன்னான். ஆனால் "பாதி நோன்பு" என்ற சொல் மனதில் தைத்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு சொல் தைத்தால் எளிதில் விடாது. குடிநுழைவைத் தாண்டி வாயிலருகே உட்கார்ந்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நோன்பை எதனால் அளப்பது? மணியாலா, பசியாலா, தூரத்தாலா?

முதலில் நான் நோன்பு வைக்கவே வேண்டியதில்லை. பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் கணக்கை நிறைவு செய்துகொள்ளலாம் என்பது குர்ஆன் தரும் சலுகை. அல்பகரா அத்தியாயத்தின் 185-ஆம் வசனத்தில் இருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். விடியலின் பஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்திருந்தால் அன்றைய நோன்பில் சலுகை உண்டு என்பதில் எங்கள் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விமானம் கிளம்புவதோ நள்ளிரவை ஒட்டி.

ஆனால் யார் பயணி? அங்கேதான் தூரம் வருகிறது. ஷாஃபி நூல்கள் இரண்டு மர்ஹலா என்கின்றன. மர்ஹலா என்றால் சுமை ஒட்டகத்தோடு ஒரு நாள் நடந்து அடுத்த தங்குமிடம் சேரும் வழி. ஹனஃபி நூல்கள் மூன்று நாள் பயணம் என்கின்றன. பின்னால் வந்தவர்கள் இவற்றை மைலாக்கி, பிறகு கிலோமீட்டராக்கினார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் வந்து நிற்கின்றன. கவனித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்தது தூரமே இல்லை, காலம். கால் வலிக்க நடந்த பகல்கள். அதைத்தான் கிலோமீட்டராக உறைய வைத்தார்கள். ஒட்டகம் போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணோடு ஒரு தனி உறவு உண்டு. எங்கள் தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். துவாசிலிருந்து சாங்கி வரை போனாலும் தீவுக்குள்ளே நாங்கள் பயணி ஆக முடியாது. பயணி ஆவதென்றால் கடலையாவது பாலத்தையாவது கடக்க வேண்டும். சின்ன வயதில், "நாம எப்ப முஸாஃபிர் ஆவோம் அத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "நான் ஆகித்தான் இங்க வந்தேன்" என்பார்.

என் அத்தா கூத்தாநல்லூர்க்காரர். 1953-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தார். எங்கள் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் ரஜுலா என்ற பெயர் ஒரு கிழவியின் பெயரைப்போல் புழங்கும். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அத்தா வந்தது மேல்தளத்தில், பாய் விரித்துப் படுக்கும் சீட்டில். ஏழெட்டு நாள் பயணம் முழுக்க நோன்பு மாதம். சலுகை இருந்தும் தளத்தில் பாதிப்பேர் நோன்பு வைத்தார்களாம். கஞ்சிக்கு வழியில்லை. ஊறவைத்த அவலும் வெல்லமும்தான். மறைக்கக் கட்டடமோ தென்னையோ இல்லாத கடலில் சூரியன் முழுவட்டமாக இறங்குவதைப் பார்த்து நோன்பு திறந்ததை, பின்னாளில் சேஞ்ச் ஆலியில் நாணயமாற்றுக் கடை வைத்து உட்கார்ந்திருந்த காலத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவு கஷ்டத்துல எதுக்கு வெச்சீங்க?" என்று நான் கேட்டபோது அவர் கஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "சலுகை கஷ்டத்துக்குன்னு நெனைக்கிறியா? கப்பல்ல இருக்கிறவன எந்த ஊர்னு கேட்டா என்ன சொல்லுவான்? விட்ட ஊரும் அவனுக்கு இல்ல, போற ஊரும் இன்னும் இல்ல. அதுக்குத்தான் அல்லாஹ் தர்ற எடம் அது" என்றார்.

படித்தவர்கள் இதை வேறு மொழியில் சொல்வார்கள். சட்டத்துக்குக் காரணம் வேறு, அதற்குள் இருக்கும் ஞானம் வேறு. சலுகையின் ஞானம் சிரமத்தைக் குறைப்பது, ஆனால் சட்டம் தொங்குவது பயணம் என்ற காரணத்தின்மேல். அதனால்தான் மெத்தை இருக்கையில் சாய்ந்து போகிறவருக்கும் சலுகை உண்டு, நாள் முழுக்க வெயிலில் கல் சுமக்கும் உள்ளூர்க்காரருக்குப் பயணியின் சலுகை கிடையாது. இளம் வயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆலிம்சாவிடம் வாதாடியும் இருக்கிறேன். இப்போது அத்தா சொன்னதன் பக்கம்தான் நிற்கிறேன். 15,300 கிலோமீட்டரை ஒரு தூக்கத்தில் கடந்தாலும் நடுவழி என்பது நடுவழிதான். அந்த நிலையை மார்க்கம் அங்கீகரித்திருக்கிறது. வேகம் கூடியதால் அந்த நிலை இல்லாமல் போய்விடாது.

ஆனாலும் நான் நோன்பு வைத்தேன். உடம்புக்கு இயலுமானால் பயணியும் வைப்பதே சிறப்பு என்பது எங்கள் வீட்டு ஹனஃபி வழக்கத்திலும் உண்டு, நான் வாழ்க்கைப்பட்ட வீட்டு ஷாஃபி வழக்கத்திலும் உண்டு.

விமானம் ஏறியதும் கொடுத்த உணவை வாங்கவில்லை. சப்பாத்தியும் முட்டைப் பொரியலும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். கிளம்பி மூன்றரை மணி நேரம் கழித்து ஸஹர் செய்தேன். கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரம் மூன்றைத் தாண்டிக் காட்டியது; வீட்டில் அவர் அப்போதுதான் புரண்டு படுத்திருப்பார். எங்களுக்கோ அதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. வலது பக்க ஜன்னல் எனக்கு. இறக்கைக்கு முன்னால், அடிவானத்தில், கத்தியால் கீறியதுபோல் ஒரு சாம்பல் கோடு. அதற்கு மேலே இன்னும் நட்சத்திரம். கோடு அகலமானதும் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தேன்.

திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. நூல் பிடித்து மிகக் குறுகிய வழியை அளந்தால் அது வடதுருவத்தின் பக்கமாகப் போகும். எங்கள் விமானம் அந்த வழியில் போகவில்லை. பசிபிக்கின் மேல் கிழக்கு நோக்கி வீசும் உயரக் காற்றைப் பிடித்துக்கொண்டு, 16,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனது. வழி நீளம், நேரம் குறைவு. மர்ஹலா கணக்குப் போட்டவர்களுக்கு இது விளங்கியிருக்கும். பாய்மரக் கப்பல்காரர்களின் கணக்கும் இதுதானே.

தங்கை மகன் எனக்காக ஒரு தாளில் கிப்லாத் திசைகளை எழுதிக் கொடுத்திருந்தான். சிங்கப்பூரில் நாங்கள் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து, 293 பாகையில் நின்று தொழுகிறோம். நியூயார்க்கிலோ வடகிழக்கே, 58 பாகையில் நிற்கிறார்கள். தட்டையான வரைபடத்தைப் பார்ப்பவர்கள் மக்கா தென்கிழக்கில் அல்லவா இருக்கிறது என்று கேட்பார்கள். அமெரிக்கப் பள்ளிவாசல்களில் இதுபற்றி வாக்குவாதம்கூட நடந்திருக்கிறது. பூமி உருண்டை என்பதால் மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்துதான் போகும். இந்தக் கணக்கு புதிதில்லை. கஸ்னி நகரத்தின் கிப்லாவைக் கணிப்பதற்கென்றே அறிஞர் அல்பிரூனி ஒரு நூல் எழுதி 1025-இல் முடித்தார். விமானம் வழி பார்ப்பதும் நாங்கள் திசை பார்ப்பதும் ஒரே வடிவியல்தான்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று புலப்பட்டது. சிங்கப்பூரில் மேற்கே இருந்த கிப்லா, நாங்கள் கிழக்கே போகப் போக, கடிகார முள்போல் மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. தேதிக்கோட்டருகே லுஹர் நேரம் வந்தது. பின்கதவருகே பணியாளர்கள் தேநீர் கலக்கும் இடத்தில் நின்று தொழ அனுமதி கேட்டேன். பணிப்பெண் ஒரு மலாய்ப் பிள்ளை. "போலே, மக்சிக்", தொழலாம் அம்மா என்று சொல்லித் தள்ளுவண்டியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். அப்போது திசை வடமேற்கு. லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதேன். அத்தா இருந்திருந்தால் சேர்த்துத் தொழுததை ஒப்பியிருக்க மாட்டார். ஹஜ்ஜில் தவிர ஹனஃபிகள் சேர்ப்பதில்லை. இன்னும் கிழக்கே, மேற்குத் தீர்க்கரேகை 140-ஐ நெருங்கும்போது, தாளில் "நேர் வடக்கு" என்று இருந்தது. அதைத் தாண்டினால் வடகிழக்கு.

140-இல் ஏன் நேர் வடக்கு? அது மக்காவின் தீர்க்கரேகைக்கு நேரெதிர் ரேகை. அதே ரேகையில் வெகுதூரம் தெற்கே, பிரெஞ்சு பாலினீசியாவில், தெமாதாங்கி என்ற பவளத்தீவுக்குப் பக்கத்தில், கஅபாவுக்கு நேர் அடியில் பூமியின் மறுபுறப் புள்ளி இருக்கிறது. அங்கே ஒரு படகில் நின்று தொழுதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கஅபா ஒரே தூரம், 20,000 கிலோமீட்டர். எல்லாத் திசையும் கிப்லா. இதே நிலை உலகில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு: கஅபாவின் உள்ளே. உள்ளே நின்று தொழுபவர் எந்தச் சுவரை நோக்கினாலும் சரி.

இருக்கையில் வந்து உட்கார்ந்து இதை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தை நாம் விலக்கம் என்றே பழகியிருக்கிறோம். மக்காவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு கை நழுவுகிறது என்று ஒரு பயம் மனதின் அடியில் இருக்கும். என் மகள் அமெரிக்கா போனபோது எனக்கே இருந்தது. ஆனால் பூமியின் வடிவம் அப்படிச் சொல்லவில்லை. மிகத் தொலைவான புள்ளி மிக நெருங்கிய புள்ளியைப் போலவே இருக்கிறது. அதற்கு அப்பால் ஓரடி வைத்தாலும் நெருங்கத்தான் முடியும். பூமியையே விட்டுப் போனவருக்கும் இந்தக் கேள்வி வந்தது. 2007 அக்டோபரில், நோன்பு மாதத்தின் கடைசியில், மலேசியாவின் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அதற்காக மலேசிய ஆலிம்கள் வழிகாட்டு நெறி வகுத்தார்கள். முடிந்தால் கஅபாவை நோக்குவது, இல்லையானால் பூமியை நோக்குவது, அதுவும் இல்லையானால் எப்படியோ அப்படி. நேரத்துக்கு, கிளம்பிய இடமான பைகோனூரின் கணக்கு. ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் ஒரு மனிதன் எந்த ஊர் நேரத்துக்குத் தொழுவது என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழும்.

பகல் வேகமாக ஓடியது. விமானம் முழுக்க ஜன்னல்களை இருட்டாக்கிவிட்டிருந்தார்கள், பயணிகள் போர்வைக்குள். நியூயார்க் நேரத்துக்கு உடம்பைப் பழக்குகிறார்கள் போலும். என் ஜன்னல் மறைப்பைத் துணி மடிப்புபோல் ஒரு விரற்கடை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளியே அப்படி ஒரு வெயில். கீழே பஞ்சுப் பொதிபோல் மேகம், இடைவெளியில் கடல். நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கும் அந்தக் கூடத்தில் அந்தப் பகலைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம்.

கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்போது பின்கதவு ஜன்னலுக்குப் போனேன். நாங்கள் கிழக்கே பறப்பதால் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் சிவப்பு மட்டும் தெரிந்தது. முன்புறமாகப் பார்த்தால் அடிவானத்திலிருந்து கருநீலம் ஒன்று மேலே ஏறி வந்தது. அது பூமியின் நிழல், நாங்கள் அதற்குள்ளேயே போய்க்கொண்டிருந்தோம். அந்தி நிற்கவில்லை, யாரோ சுருட்டி எடுப்பதுபோல் முடிந்தது. நான் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். சிங்கப்பூர் நேரம் முற்பகல் பதினொன்றரை. "பாதி நோன்பு."

அந்த மலாய்ப் பிள்ளை ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்து நின்றாள். "சுடா புக்கா, மக்சிக்?" நோன்பு திறந்துவிட்டீர்களா என்கிறாள். அவளும் நோன்பாம். அவள் கையில் பழம் இல்லை. என் டப்பாவிலிருந்து கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வாயில் போட்டோம்.

தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ரஜுலா நினைவுக்கு வந்தது. அத்தா சொன்னதில் ஒரு சங்கதியை நான் எப்போதும் காதில் வாங்கியதில்லை. கப்பலில் தினமும் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்களாம். இந்தியாவுக்கும் அன்றைய மலாயாவுக்கும் நேர வித்தியாசம் இரண்டு மணி. ஏழெட்டு நாளில் அந்த இரண்டு மணியை விழுங்க வேண்டும். அப்படியென்றால் கிழக்கே போன அத்தாவின் ஒவ்வொரு நோன்பும் சில நிமிடம் குறைந்திருக்கிறது! எட்டு நோன்பிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்ததை யாரும் பாதி நோன்பு, முக்கால் நோன்பு என்று சொல்லவில்லை. கூத்தாநல்லூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாட்டுவண்டியில் கிழக்கே போகிறவருக்கும் சூரியன் ஊரைவிடச் சில விநாடி முந்தித்தான் மறையும். வண்டியில் விநாடி, கப்பலில் நிமிடம், விமானத்தில் மணி. எந்த இடத்தில் கோடு கிழித்து இதற்கு மேல் ஏமாற்று என்பது? எனக்குக் கோடு எங்கும் தெரியவில்லை.

தங்கை மகன் சொன்னபடி சிங்கப்பூர் மஃரிபுக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் பார்த்தேன். நியூயார்க்கில் மறுநாள் காலை ஏழரை சுமாருக்கு, சூரியன் உதிக்கும் நேரத்தில், நான் நோன்பு திறந்திருப்பேன். அவன் மணிகளைச் சம்பளக்கணக்குபோல் பார்த்தான்; பதிமூன்று வாங்கியவள் எட்டு கொடுக்கலாமா என்று. நோன்பு மணிகளால் ஆனதில்லை. இரண்டு கரைகள்: விடியலின் வெள்ளை இழை, மறையும் வட்டம். நடுவில் இருப்பது எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. இதே கட்டளையைக் கோடையில் நார்வேக்காரர் இருபது மணியாகக் கடக்கிறார். அவரிடம் கூடுதலாக வாங்கியதாகவும் என்னிடம் குறைத்துக்கொண்டதாகவும் நான் நம்பவில்லை. கடிகாரம் மனிதர்கள் வைத்தது. 1982 சனவரி முதல் தேதி மலேசியாவோடு ஒத்துப்போக எங்கள் நாடு அரை மணி நேரத்தை முன்னால் தள்ளியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிவாசல் அட்டவணைகள் எல்லாம் ஒரே இரவில் அரை மணி நகர்ந்தன. சூரியன் நகரவில்லை.

மஃரிப் தொழும்போது தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரேகை 140 பக்கத்தில் இருந்தோம். வடக்கு, நேர் வடக்கு.

இனி அந்தப் பகலின் பெயரைச் சொல்ல வேண்டும். சூரியன் உதித்தபோது மேற்குப் பசிபிக்கில் அது மார்ச் 13, வியாழன். நண்பகலில் தேதிக்கோட்டைக் கடந்தோம், அது புதனாகிவிட்டது. அப்படியானால் மறைந்தது புதன்கிழமைச் சூரியன். விமானம் இருளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, நான் இரண்டாம் முறை ஸஹர் செய்து, நியூயார்க்கில் இறங்கியபோது மார்ச் 13, வியாழன், விடியற்காலை. புதன் இரவு கிளம்பினேன், வியாழன் காலை வந்து சேர்ந்தேன். நாட்காட்டியைக் கேட்டால் நடுவில் பகலே இல்லை என்று சொல்லும். நானோ அந்தப் பகலில் நோன்பு வைத்திருக்கிறேன், தொழுதிருக்கிறேன், வெயிலைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிக்கலை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சிரியாவில் ஹமா நகரத்தை ஆண்ட அபுல் ஃபிதா, 1331-இல் காலமானவர். ஒருவர் ஊரிலேயே இருக்கட்டும், ஒருவர் மேற்கே, ஒருவர் கிழக்கே உலகைச் சுற்றி வரட்டும். மூவரும் கூடும்போது மேற்கே போனவர் கணக்கில் ஒரு நாள் குறையும், கிழக்கே போனவருக்கு ஒரு நாள் கூடும் என்று தன் நிலவியல் நூலில் எழுதினார். அப்போது உலகை யாரும் சுற்றியதில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து, 1522 சூலையில், மேற்கே சுற்றி வந்த விக்டோரியா கப்பல் கேப் வெர்டேயில் நின்றது. நாள் தவறாமல் குறிப்பெழுதி வந்த பிகஃபெட்டாவுக்கு அன்று புதன். கரையில் கேட்டால் வியாழன். ஒரு நாள்கூட விடாமல் எழுதியவர் அவர். பிழை எங்கே என்று திகைத்துப்போனார். மாலுமிகள் பாவம், எந்த வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமையாக வைத்தோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இது கிறிஸ்தவர்க்கும் எங்களுக்கும் மட்டுமான கவலையும் இல்லை. 1941-இல் ஜப்பானின் கோபேயில் தஞ்சம் புகுந்திருந்த யூத அகதிகள், தங்கள் பாவமன்னிப்பு நோன்பு எந்த நாள் என்று ஜெருசலேமுக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். உலகின் நாள் எந்தக் கோட்டில் தொடங்குகிறது என்பதில் அங்கே பெரியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிலர் இரண்டு நாளும் நோன்பிருந்தார்கள். ஊர் இழந்து, உறவு இழந்து ஓடிவந்தவர்கள், ஒரு நாள் பிசகிவிடக் கூடாதே என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தது என்னால் மறக்க முடியாத செய்தி.

எனக்கும் இரண்டு வியாழன். மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். நான்கு நாள் தங்கினால் ஷாஃபியில் பயணம் முடிந்தது, பதினைந்து நாள் என்றால் ஹனஃபியில் முடிந்தது. ஆகவே இறங்கிய காலையிலிருந்தே நான் அந்த ஊர்க்காரி. மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் போட்டு வைத்த தேநீரை மறுத்துவிட்டு, இரண்டாவது வியாழனின் நோன்பைத் தொடர்ந்தேன். வானில் எட்டு மணி நேரம் தந்தவனே இங்கே பதிமூன்று மணி நேரம் தந்தான்.

குவீன்ஸில் மகள் போகும் பள்ளிவாசலின் இமாம் வங்கதேசத்தவர், அமைதியான மனிதர். விமானப் பகலைச் சொல்லி, அது கணக்கில் சேருமா என்று கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. "விடியலைப் பார்த்தீர்களா? மறைவைப் பார்த்தீர்களா? ரமலான்தானே? அது நோன்புதான், அம்மா" என்றார். சற்று யோசித்து, "மனம் அமைதியாகாவிட்டால் பெருநாளுக்குப் பிறகு ஒன்று களாவாக, விட்டதற்கு ஈடாக, வையுங்கள், கூடுதலாக வைத்த நோன்பு வீணாகாது" என்றும் சொன்னார். அப்போது எனக்கு ஏன் அவர் அதைச் சொன்னார் என்று விளங்கவில்லை.

நோன்பு மாதம் முடியும்போதுதான் விளங்கியது. அந்தப் பள்ளிவாசலில் சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்பே, மார்ச் 1-இல், நோன்பு தொடங்கியிருந்தது. பெருநாளை மார்ச் 30 ஞாயிறு என்று அறிவித்தார்கள். நான் தொடங்கியதோ மார்ச் 2. நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 2 முதல் 29 வரை இருபத்தெட்டுதான். பிறை மாதத்தில் இருபத்தெட்டு நாள் கிடையாது. ஒரு நோன்பு கடனாக நிற்கும். ஆனால் விரல் விட்டு எண்ணினேன். சிங்கப்பூரில் பதினொன்று, குவீன்ஸில் பதினேழு. நடுவில் ஒன்று, தேதியில்லாத அந்த ஒன்று.

பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்து கணவருக்குத் தொலைபேசினேன். இங்கே ஒன்பது, அங்கே இரவு ஒன்பது. அவர்களுக்கு மறுநாள்தான் பெருநாள். தக்பீர் சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டது. பேத்தி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. என் தோளில் கிடந்து முனகிக்கொண்டிருந்தாள்.

"கடைசி நோன்பு இப்பத்தான் தொறந்தேன். உனக்கு எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"இருபத்தொம்பது."

"எனக்கும் இருபத்தொம்பதுதான்" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புள்ள அழுவுது பாரு, தோள மாத்திப் போடு" என்றார்.